சத்திரசிகிச்சைக் கூடத்தில் கமராவோடு நான்

"வைத்தியசாலையில் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று எங்கள் ஊர்ச் சனம் கேட்கும்போது "படம் பிடிக்கிறேன்" என்று சொன்னால், எக்ஸ்ரே எடுக்கிற ஆள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்வார்கள். எக்ஸ்ரே வேறு, என் வேலை வேறு. நோயாளியின் காயத்தை, தோலில் வந்த நோயை, வளைந்த எலும்பை, வெட்டி எடுத்த கட்டியை, சில நாட்களில் சத்திரசிகிச்சை முழுவதையுமே கமராவில் பதிவு செய்வது என் தொழில். மருத்துவப் புகைப்படப்பிடிப்பாளர் என்று இதற்குப் பெயர். வட இங்கிலாந்தில் ஒரு பெரிய வைத்தியசாலையில் 2001ஆம் ஆண்டு முதல் இந்த வேலையைச் செய்து வருகிறேன்.

சுன்னாகத்தில் அப்பாவுக்கு ஒரு சிறிய ஸ்ரூடியோ இருந்தது. அடையாள அட்டைப் படம், கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் அப்பாதான் போவார். இருட்டறையில் படம் கழுவுவதற்கு நான் உதவி. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அந்த ஸ்ரூடியோவைப் பூட்டிக்கொண்டு வந்தோம். திறப்பு மட்டும் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. பிறகு வன்னி, கொழும்பு, அங்கிருந்து இங்கிலாந்து. இங்கே வந்து கடையில் நின்றுகொண்டே இரவு வகுப்பில் புகைப்படக்கலை படித்தேன். வைத்தியசாலையில் உதவியாளர் வேலை கிடைத்தது. இந்தத் தொழிலுக்கென்று பிரித்தானியாவில் 1968இல் தொடங்கிய தொழில்முறை நிறுவகமும், பல்கலைக்கழகப் படிப்பும் இருக்கின்றன என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. வேலை செய்துகொண்டே படித்து முடித்தேன்.

எதற்காகப் படம்?

நியாயமான கேள்வி. கத்தி வைக்கிற இடத்தில் கமராவுக்கு என்ன வேலை?

முதலாவது, நோயாளியின் வைத்தியத்திற்காக. எரிகாயத்தில் தோல் ஒட்டிய பெண்ணுக்கு ஆறு மாதத்திற்குப் பிறகு எவ்வளவு குணம் என்று வைத்தியர் அறிய வேண்டும். முதல் நாள் எப்படி இருந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துச் சொல்ல முடியாது. அதே கோணம், அதே தூரம், அதே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் உண்மை தெரியும். இரண்டாவது, படிப்பிக்க. கூடத்தில் மேசையைச் சுற்றி நாலைந்து பேர்தான் நிற்கலாம். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மாணவருக்கு வைத்தியரின் முதுகுதான் தெரியும். மூன்றாவது, அரிதாக வரும் ஒரு நோயை வேறு நாட்டு வைத்தியர்களுக்கும் அறியத்தர.

ஒரு படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்றே போதும். ஆங்கிலேயரின் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்பு சுல்தானின் படையினர் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். பூனா நகரில் ஒருவர் நெற்றித் தோலை மடித்து இறக்கி அவருக்குப் புதிய மூக்கு செய்தார். இந்திய நாட்டில் காலங்காலமாகச் செய்துவந்த வைத்தியம் அது. கவாஸ்ஜியின் உருவப்படமும், தோலை எப்படி வெட்டி மடிப்பது என்ற விளக்கமும் 1794இல் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் அச்சாகின. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814இல் அதே முறையில் சத்திரசிகிச்சை செய்தார். கமரா கண்டுபிடிக்கப்படாத காலத்தில், ஒரு படமும் ஒரு பக்க எழுத்தும் கடல் கடந்து போய் வேறு மனிதருக்கு மூக்குத் தந்தன.

கூடத்திற்குள்

காலை எட்டு மணிக்கு முன்னரே போய்விடுவேன். என் உடுப்பை மாற்றி வைத்தியசாலை உடுப்பு, தொப்பி, முகக்கவசம், தனிச் செருப்பு. தாலியோ காப்போ மோதிரமோ எதுவென்றாலும் கழற்றிவைக்க வேண்டியதைக் கழற்றிவைத்துத்தான் உள்ளே போகலாம். கமராவையும் கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை தொடங்கும் முன் எல்லாரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியல் இது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம், என்ன சிகிச்சை என்று உரத்து வாசிப்பார்கள். கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். பேராசிரியரும் சொல்வார், நானும் சொல்வேன். "படப்பிடிப்பாளர், நோயாளியின் சம்மதம் பத்திரத்தில் இருக்கிறது" என்பது என் வசனம். பலர் நிற்கும் இடத்தில் குரல் எழும்பாமல் வளர்ந்த எனக்கு, அந்த ஒரு வசனத்தைத் தெளிவாகச் சொல்லப் பழகவே சில மாதங்கள் எடுத்தன.

பச்சை அல்லது நீலத் துணி விரித்த இடம் எல்லாம் கிருமி நீக்கிய இடம். அதில் என் உடம்போ கமராவின் பட்டியோ தொடக்கூடாது. ஆகவே பட்டியைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொள்வேன். வைத்தியரின் தோளுக்குப் பின்னால் சிறு படி ஒன்றில் ஏறி நின்று, மேசைக்கு மேலே எட்டிப் பிடிக்க வேண்டும். மணிக்கணக்காகவும் நிற்க வேண்டிவரும். படம் எடுப்பது சில செக்கன்கள்தான். அந்தச் செக்கனுக்காகக் காத்து நிற்பதுதான் வேலை.

வெளிச்சம் பெரிய பிரச்சினை. சத்திரசிகிச்சை விளக்கு வெட்டிய இடத்தில் மட்டும் கொட்டும். சுற்றிவர இருள். கமராவின் போக்கில் விட்டால் இருளைப் பார்த்து ஏமாந்து, முக்கியமான இடத்தை வெள்ளையாக எரித்துவிடும். ஆகவே அளவுகளை நானே வைப்பேன். அல்லது விளக்கைச் சற்று விலக்கச் சொல்லிவிட்டு, லென்சைச் சுற்றிப் பூட்டிய வளைய பிளாஷில் எடுப்பேன்.

எடுக்க முன் தாதியிடம் சாடை காட்டுவேன். அவர் இரத்தத்தை உறிஞ்சுகுழாயால் எடுத்து, கறைபட்ட துணியை மூடிப் புதுத்துணி போடுவார். வைத்தியர் இரத்தம் பட்ட கையுறையை விலக்குவார். தேவையற்ற கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் படத்திற்கு வெளியே போகும். பார்ப்பவருக்குப் பயம் காட்டுவது எங்கள் நோக்கம் இல்லை. எந்த நரம்பு, எந்தக் குழாய், எங்கே கட்டி என்று தெளிவாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் சிறிய அளவுகோல் ஒன்றை வைப்போம். நோயாளியின் தலைப்பக்கம் படத்தில் மேலே வரவேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு இடம் வலம் குழம்பிவிடும்.

நான் சேர்ந்த காலத்தில் பிலிம் சுருள்தான். ஒரு சுருளில் 36 படங்கள். கழுவி வரும்வரை சரியோ பிழையோ தெரியாது. இன்று எடுத்த உடனே திரையில் பார்க்கலாம். இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. 1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹே என்ற வைத்தியர் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே குழாய் விட்டுப் பித்தப்பையை அகற்றினார். அந்த முறை உலகெங்கும் பரவியபோது கமராவே நோயாளியின் உடம்புக்குள் போய்விட்டது. அப்படியான சிகிச்சையில் படம் தானாகவே பதிவாகிறது. பல மணி நேரப் பதிவிலிருந்து படிப்பிக்க வேண்டிய சில நிமிடங்களைத் தெரிந்து வெட்டுவதும், நோயாளியின் பெயரும் இலக்கமும் எங்காவது தெரிந்தால் நீக்குவதும் என் வேலை.

"இரத்தத்தைப் பார்க்க உனக்கு ஏலுமோ?"

அம்மா கேட்ட கேள்வி இது. இடம்பெயர்ந்து வந்த வழியில் நாங்கள் பார்க்காத இரத்தமா? அந்த இரத்தத்தை நிறுத்த மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. இங்கே ஒரு துளி வடிந்தாலும் அதை நிறுத்த ஆறு கைகள் நீளுகின்றன. என்னால் நின்று பார்க்க முடிவது அதனால்தான். ஆனாலும் சில நாட்களில் வீட்டுக்கு வந்து சோறு இறங்காது. சிறுபிள்ளைகளின் எரிகாயம் எடுத்த நாட்கள் அப்படி. அந்த நாட்களில் என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவேன். மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது இத்தொழிலில் படித்த பாடம்.

யாருடைய படம்?

இனிச் சொல்லப்போவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத ஒத்துக்கொண்டேன்.

சத்திரசிகிச்சையை முதன்முதலில் திரைப்படமாகக் காட்டியவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் யூஜீன் லூயி டுவாயென். 1898இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் கூடிய வைத்தியர்களுக்குத் தன் படங்களைக் காட்டினார். அவற்றில் ஒன்று, ஒரு பெண்ணின் கருப்பையை அகற்றும் சிகிச்சை. தன் கை எங்கே வீணாக அலைகிறது என்பதைத் திரையில் பார்த்துத்தான் திருத்திக்கொண்டதாக அவர் சொன்னார். கமராவின் பயன் அது.

1902இல் அதே வைத்தியர் ஒடிசாவில் பிறந்து உடல் ஒட்டியிருந்த ராதிகா, டூடிகா என்ற சகோதரிகளைப் பிரித்தார். சர்க்கஸ் கூட்டம் ஒன்று அவர்களைக் காட்சிப்பொருளாக ஐரோப்பா எங்கும் கொண்டு திரிந்தது. டூடிகாவுக்குச் சயரோகம். சத்திரசிகிச்சை நடந்து சில நாட்களில் அவள் இறந்தாள். ராதிகாவும் அடுத்த வருடம் அதே நோயால் போய்விட்டாள். ஆனால் அந்தச் சத்திரசிகிச்சையின் படம் பிரதி எடுக்கப்பட்டுச் சந்தைகளிலும் களியாட்ட இடங்களிலும் காசுக்குக் காட்டப்பட்டது. டுவாயென் வழக்குப் போட்டார். 1905இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. படம் வைத்தியருடையதா, படம் பிடித்தவருடையதா என்பதே அங்கு வாதம். மேசையில் கிடந்த பிள்ளைகளுடையதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்று நாங்கள் கேட்கிறோம். எங்கள் சம்மதப் பத்திரத்தில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, படம் நோயாளியின் கோப்பில் மட்டும் இருக்கும். இரண்டாவது, மருத்துவ மாணவருக்கும் தாதியருக்கும் படிப்பிக்கக் காட்டலாம். மூன்றாவது, புத்தகத்திலோ இணையத்திலோ வெளியிடலாம். நோயாளி ஒன்றுக்கு ஓம் என்று மற்றதற்கு இல்லை என்று சொல்லலாம். பிறகு மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் ஒரு தடவை இணையத்தில் போனதை எவராலும் முழுவதும் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் முன்னரே சொல்லிவிடுவோம். நினைவில்லாமல் வந்தவரின் படத்தை வைத்தியத்திற்காக எடுத்தால், நினைவு திரும்பிய பின் கேட்போம். வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம்.

கண்ணுக்கு மேல் கறுப்புக் கோடு போட்டால் ஆளைத் தெரியாது என்று முன்பு நினைத்தார்கள். அது பிழை. மச்சம், தழும்பு, காதில் போட்ட தோடு, ஒரு பச்சைகுத்து போதும், தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தங்கச்சி வந்தா. வன்னியில் 2009இல் காயப்பட்டவ. செல் துண்டு ஒன்று தோளுக்குள் இருந்து நோவு கொடுத்தது. அதை எடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். நான் கமராவோடு உள்ளே போனதும் அவவின் முகம் மாறிவிட்டது. தமிழில் வணக்கம் சொன்னேன்.

"அக்கா, படம் வேண்டாம் எண்டு சொன்னா ஒப்பிறேசன் செய்யமாட்டினமோ?"

"அப்பிடியில்லைத் தங்கச்சி. வேண்டாம் எண்டாலும் ஒப்பிறேசன் நடக்கும். படம் வேறை, வைத்தியம் வேறை."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "அண்டைக்குக் காயத்தோட கிடக்கேக்கை ஆரோ படமெடுத்தவை. பிறகு அது எல்லா இடமும் வந்தது. உடுப்புக் கூட ஒழுங்கா இல்லை. இண்டைக்கும் ஆரும் அதைத் தேடி எடுக்கலாம். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

அந்தப் படம் உலகத்துக்கு உண்மையைச் சொல்ல எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படியான படங்கள் தேவையானவை என்பதை நான் மறுக்கவில்லை. அவவும் மறுக்கவில்லை. "ஆனா அது நான் எல்லோ" என்றா. அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பத்திரத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் ஓம், மூன்றாவதற்கு இல்லை என்று அடையாளமிட்டா. சத்திரசிகிச்சை முடிந்தது. எடுத்த துண்டை வெறும் துணியில் அளவுகோலோடு வைத்துப் படம் எடுத்தேன். 14 மில்லிமீற்றர். அதைத் தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டா. காட்டினேன்.

"இவ்வளவு சின்னனோ?" என்றா.

வைத்திய நிபுணர் அந்தப் படங்களை ஒரு மாநாட்டு நூலில் சேர்க்க விரும்பினார். பத்திரத்தைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். படங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. இதை எழுதலாமா என்று அவவிடம் கேட்டேன். "பேரும் ஊரும் போடாமல் எழுதுங்கோ, மற்றப் பெண்டுகளும் அறியட்டும்" என்றா.

தாய்மாருக்காக எடுக்கும் படம்

எங்கள் பிரிவில் இன்னொரு வேலையும் உண்டு. இறந்து பிறந்த குழந்தையின் படம். தாய் விரும்பினால் மட்டும் எடுப்போம். குழந்தையைக் கழுவி, உடுப்பாட்டி, சின்ன விரல்களையும் பாதத்தையும் எடுப்போம். சிலர் அப்போது பார்க்க மாட்டார்கள். அவர்களின் படம் கோப்பில் காத்திருக்கும். வருடங்கள் கழித்து வந்து கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். அல்பம் முழுவதையும் ஒரு பங்கருக்குள் விட்டுவிட்டு வந்த உங்களுக்கு, பிள்ளையின் ஒரேயொரு படம் எவ்வளவு பெறுமதி என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் அப்பாவின் செத்தவீட்டுப் படங்களை நினைப்பேன். அவரும் அதே மரியாதையோடுதான் எடுத்தார்.

அடிகாயம் சொல்லும் சாட்சி

வீட்டில் அடிவாங்கி வரும் பெண்களின் காயங்களையும் நாங்கள் பதிவு செய்கிறோம். கண்டல் காயம் முதல் நாளைவிட ஓரிரு நாள் கழித்தே நன்றாகத் தெரிவதுண்டு. அதனால் திரும்பவும் எடுப்போம். முதலில் உடம்பில் எந்த இடம் என்று தெரியத் தூரப் படம். பிறகு அளவுகோலோடு கிட்டப் படம்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். காயம் இருந்தால் அரச வைத்தியசாலைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து எழுதும் அறிக்கைதான் முக்கியமானது. கைத்தொலைபேசியில் நீங்கள் எடுக்கும் படம் அதற்கு ஈடாகாது, ஆனால் துணையாக இருக்கும். காயத்திற்குப் பக்கத்தில் அடிமட்டமோ ஒரு நாணயமோ வைத்து எடுங்கள். திகதியை எழுதிவையுங்கள். உங்கள் கைத்தொலைபேசியை மற்றவர் பார்ப்பார் என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் படத்தைக் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

சகோதரிகளே, கேளுங்கள்

இன்று எல்லார் கையிலும் கமரா இருக்கிறது. வைத்தியசாலையிலோ, உதவி வழங்கும் இடத்திலோ, வீட்டு வாசலிலோ யாராவது உங்களையோ உங்கள் காயத்தையோ பிள்ளையையோ படம் எடுக்க வந்தால், இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

எதற்காக எடுக்கிறீர்கள்?
யார் யார் பார்ப்பார்கள்?
முகம் தெரியுமா, தெரியாமல் எடுக்க முடியுமா?
வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போடுவீர்களா?
நான் மறுத்தால் எனக்குத் தரவேண்டிய மருந்தோ உதவியோ நிற்குமா?

கடைசிக் கேள்விக்கு "நிற்கும்" என்று யாராவது சொன்னால், அவருடைய மேலதிகாரியிடம் கேளுங்கள். வைத்தியமும் உதவியும் படத்திற்கு விலையாகக் கூடாது.

படம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படமே என் சோறு. ஆறிவரும் காயத்தின் படம் உங்கள் வைத்தியருக்குத் தேவை. உங்கள் காயத்தில் படித்த மாணவர் நாளை இன்னொரு பெண்ணின் தோளைக் காப்பாற்றலாம். அதற்கு ஓம் சொல்வதும் ஒரு தானம்தான். தானம் என்றால் கொடுக்கிறவர் மனமறிந்து கொடுக்க வேண்டும். கேட்காமல் எடுத்ததற்குத் தானம் என்று பெயர் இல்லை.

கமரா பிடிக்க விருப்பமுள்ள பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருந்தால், கலியாண வீட்டுப் படத்தோடு நின்றுவிடாமல் இப்படி ஒரு தொழிலும் இருக்கிறது என்று சொல்லுங்கள். உறுதியான கையும் பொறுமையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், கமராவைத் தூக்க முன் "எடுக்கலாமா?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.